ஜூன் 30-க்குப் பிறகு: சேவைச் சங்கங்களின் உதவி எங்கே நிலைக்கிறது?

ஆடி மாதத்தில் திருமணங்கள் இல்லை என்றாலும், கடலூரிலும் புதுச்சேரியிலும் மண்டபங்கள் அந்த மாதம் முழுவதும் பூட்டிக் கிடப்பதில்லை. ரோட்டரி, அரிமா (லயன்ஸ்) சங்கங்களின் ஆண்டுக்கணக்கு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிவதால், புதிய தலைவரும் செயலாளரும் பொருளாளரும் பொறுப்பேற்கும் விழாக்கள் ஜூலையிலும் ஆகஸ்டின் தொடக்கத்திலும் அடுத்தடுத்து நடக்கின்றன. மேடையில் பொன்னாடை, நினைவுப் பரிசு, அதன்பின் ‘நலத்திட்ட உதவிகள்’ என்ற பெயரில் சில தையல் இயந்திரங்கள், ஒரு மூன்று சக்கர சைக்கிள், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகங்கள். மறுநாள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் படம். இந்த ஒரு காட்சியை வைத்தே, படத்துக்காக நடக்கும் வேலை என்று ஒதுக்குபவர்களும் உண்டு. இவர்களாவது ஊருக்குச் செய்கிறார்களே என்று மெச்சுபவர்களும் உண்டு. இரு தரப்பும் கவனிக்காமல் விடுவது மேடைக்கு வராத வேலையைத்தான். ஒரு சேவைச் சங்கத்தின் கையிலுள்ள பணம் வெளியில் தெரிவதைவிடச் சிறியது; மருத்துவமனை, பள்ளி, நிறுவனம், அரசு அலுவலகம் ஆகியவற்றுக்கும் தெருவில் வாழ்பவருக்கும் இடையே அது போட்டுத்தரும் பாலம் வெளியில் தெரிவதைவிடப் பெரியது. அந்தப் பாலத்தை ஆண்டுக்கொரு முறை கைமாறும் பதவி எப்படிப் பாதிக்கிறது என்பதே இங்கு விளக்க வேண்டியது.

இந்த அமைப்புகள் அறச்சாலைகளாகப் பிறந்தவை அல்ல. 1905 பிப்ரவரி 23-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞரும் மூன்று நண்பர்களும் கூடியபோது அவர்கள் தேடியது தொழில்வழி நட்பைத்தான். கூட்டத்தை ஒவ்வொரு வாரமும் ஒருவர் அலுவலகத்தில் என்று சுழற்சியில் நடத்தியதால் ரோட்டரி என்ற பெயர் வந்தது. அதே ஊரில் காப்பீட்டுத் தொழில் செய்த மெல்வின் ஜோன்ஸ், வணிகர்கள் கூடிக் கலையும் இத்தகைய சங்கங்கள் தங்கள் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வலியுறுத்தியதிலிருந்து 1917-இல் லயன்ஸ் உருவானது. ரோட்டரி கொல்கத்தா வழியாக வந்து 1929-இல் சென்னையில் கால் ஊன்றியது. லயன்ஸ் 1956-இல் மும்பையில் தொடங்கியது. தமிழில் அது ‘அரிமா சங்கம்’ ஆனது மொழிபெயர்ப்பின் நல்ல வெற்றிகளில் ஒன்று. சிங்கத்தைக் குறிக்கும் அந்தப் பழஞ்சொல் இன்று அழைப்பிதழ்களில் உறுப்பினர் பெயருக்கு முன் பட்டம்போல அமர்ந்திருக்கிறது. பல சங்கங்களுக்குப் பொறுப்பான ‘மாவட்ட ஆளுநர்’ என்ற பதவிப் பெயரோ, துணைநிலை ஆளுநரின் மாளிகை உள்ள புதுச்சேரியில் புதிதாக வருபவரைச் சற்றுக் குழப்பும்.

இந்த வட்டாரத்துக்கு இதைவிடப் பழைய, முற்றிலும் வேறான ஒரு முன்மாதிரி உண்டு. கடலூர் மாவட்டம் வடலூரில் 1867 மே 23-இல் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கே ஆண்டுத் தலைவர் இல்லை, இந்த ஆண்டின் முழக்கம் என்று எதுவும் இல்லை. பசித்து வந்தவருக்குச் சோறு என்ற ஒரே வேலைதான், அதுவும் தினந்தோறும். சேவைச் சங்கத்தின் இயல்பு இதற்கு நேர் எதிரானது. ஓராண்டுத் தலைவருக்குத் தம் காலத்தில் தொடங்கி, தம் காலத்திலேயே முடித்து, தம் பெயரில் அறிக்கையில் ஏற்றக்கூடிய பணி வேண்டும். ‘அடுத்த தலைவர் பார்த்துக்கொள்வார்’ என்பது எல்லாச் சங்கங்களிலும் மே மாதத்தில் கேட்கும் வாக்கியம். குறை தனிமனிதர்களிடம் இல்லை. பதவியை ஓராண்டுக்கு மேல் யாரும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்ற நல்ல விதியின் நிழல் அது.

அந்த நிழலை மீறிய பெரிய எடுத்துக்காட்டு போலியோ ஒழிப்பு. 1985-இல் ரோட்டரி உலக அளவில் இதை ஏற்றுக்கொண்டபோது, இலக்கு எந்தத் தனிச் சங்கத்தின் தலைவரிடமும் இல்லாமல் அவர்கள் எல்லோருக்கும் மேலே வைக்கப்பட்டது. 1995-இல் நாடு முழுவதும் சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கிய பின், பேருந்து நிலையங்களில் மேசை போட்டு, மருந்து வாங்கிய குழந்தையின் சுண்டுவிரலில் மை வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் சங்க உறுப்பினர்களும் இருந்தார்கள். மருந்தும் ஊழியர்களும் அரசினுடையவை. சங்கங்கள் கொடுத்தவை ஆள், வண்டி, சாப்பாடு, விளம்பரம், பெற்றோரிடம் பேசும் வாய். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் வைரஸால் போலியோ வந்த கடைசி நோயாளி 2011 ஜனவரி 13-இல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானார். 2014 மார்ச் 27-இல் உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குப் போலியோ இல்லை என்ற சான்றை வழங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு சங்கத்தில் முப்பது தலைவர்கள்வரை மாறியிருப்பார்கள். வேலை மாறவில்லை.

உள்ளூர் அளவில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்கது கண் சிகிச்சை முகாம். 1925-இல் அமெரிக்காவின் ஒஹையோவில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர், பார்வையற்றோருக்காகப் போராட வருமாறு அரிமாக்களை அழைத்ததிலிருந்து கண் அவர்களது தனித்துறையாகிவிட்டது என்றாலும், முகாம் நடத்துவதில் ரோட்டரியும் வணிகர் சங்கங்களும் கோயில் அறக்கட்டளைகளும்கூடப் பங்கெடுக்கின்றன. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2003-இல் புதுச்சேரி–கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் தன் கிளையைத் திறந்ததிலிருந்து இரு பகுதிகளுக்கும் ஒரு பெரிய மருத்துவமனை கைக்கெட்டும் தொலைவில் கிடைத்தது. பள்ளி வகுப்பறையைக் கழுவிவிட்டு அங்கேயே அறுவை செய்த முகாம்கள் ஒரு காலத்தில் நடந்தன. இப்போது முகாமில் பரிசோதனை மட்டும், அறுவை மருத்துவமனையில்.

வேலை இரண்டாகப் பிரிகிறது. மருத்துவர்கள், கருவிகள், அறுவை, உள்விழி லென்ஸ், சொட்டு மருந்து எல்லாம் மருத்துவமனையின் பொறுப்பு. இடம் பிடிப்பது, துண்டறிக்கை அச்சிடுவது, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவை ஊர் ஊராக அனுப்புவது, வருகிறவர்களுக்கு நாற்காலியும் குடிநீரும் வைப்பது, குழுவினருக்குச் சாப்பாடு போடுவது முகாம் நடத்தும் சங்கத்தின் பொறுப்பு. பார்ப்பதற்கு இது சில்லறை வேலை. ஆனால் கண்புரை முற்றி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியை மருத்துவமனைக்கு வரவிடாமல் தடுப்பது அறுவையின் செலவு மட்டுமல்ல. கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி போகும். பேருந்து மாற வேண்டும். கண்ணில் கத்தி வைத்தால் உள்ள பார்வையும் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள். இந்த மூன்று தடையையும் மருத்துவமனையால் உடைக்க முடியாது. அதே தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் உறுப்பினர், ‘போன முகாமுக்கு எங்க அத்தை போய் வந்தாங்க, நானே வண்டியில் ஏத்தி விடுறேன், வாங்க’ என்று சொன்னால் உடையும்.

நாள் குறிப்பதிலும் உள்ளூர் அறிவுதான் பேசும். தை மாத அறுவடையின்போது பாகூர்ப் பக்கம் முகாம் வைத்தால் நாற்காலிகள் காலியாக இருக்கும். பண்ருட்டிப் பக்கம் முந்திரி எடுக்கும் காலத்தில் வைத்தாலும் அதே கதிதான். கத்திரி வெயிலில் கண் அறுவை கூடாது என்ற நம்பிக்கை பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. அதற்கு மருத்துவக் காரணம் இல்லை என்று விளக்கலாம், ஆனால் முகாமைக் கொஞ்சம் தள்ளி வைப்பது விளக்குவதைவிட எளிது. இன்னொரு சிக்கல்: முகாமில் தேர்வானவர்களில் சிலரைச் சர்க்கரை கூடியிருக்கிறது, ரத்த அழுத்தம் கட்டுப்படவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கி, சில வாரம் கழித்து வரச் சொல்லியிருப்பார்கள். அவர் திரும்பி வந்தாரா என்று யாரும் கேட்காவிட்டால் அவர் வரமாட்டார். நூறு பேருக்கு அறுவை என்று அறிக்கையில் எழுதும் சங்கத்தைவிட, திருப்பி அனுப்பப்பட்ட பத்துப் பேரின் பெயரை ஒரு நோட்டில் வைத்திருக்கும் சங்கம் எனக்கு மேலாகத் தோன்றுகிறது. அந்த நோட்டு ஜூலை 1-இல் அடுத்த செயலாளரிடம் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி.

ரத்ததான முகாமில் பிரச்சினை வேறு மாதிரி வருகிறது. உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பையடுத்து, காசு வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பது 1998 தொடக்கத்திலிருந்து நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. அதன்பின் ரத்த வங்கிகள் தன்னார்வலர்களையே நம்ப வேண்டியதாயிற்று. புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனை, 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலிருந்து நோயாளிகள் அங்கே போவதால், ஒரு கடலூர்க்காரருக்குத் தேவைப்படும் ரத்தம் ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டில்தான் தேவைப்படுகிறது. மாநில எல்லை முள்ளோடையில் முடிந்தாலும் நோய் அங்கே முடிவதில்லை. இரு ஊர்ச் சங்கங்களும் ஒரே ரோட்டரி மாவட்டத்துக்குள் (பல சங்கங்களைச் சேர்த்த ரோட்டரியின் நிர்வாகப் பிரிவு) இருப்பது இதில் சிறு வசதி. இரு அரசுகளின் திட்டங்கள் தாண்டாத கோட்டை அவை எளிதாகத் தாண்டுகின்றன.

ஆனால் ரத்தம் சேமித்து அடுக்கிவைக்கும் சரக்கு அல்ல. தானமாகப் பெற்ற ஒரு பையிலிருந்து பிரித்தெடுக்கும் சிவப்பணுக்கள் ஐந்தாறு வாரங்கள் தாங்கும். தட்டணுக்கள் ஐந்து நாள்தான். ஒருமுறை கொடுத்த ஆண் அடுத்த மூன்று மாதமும் பெண் நான்கு மாதமும் மீண்டும் கொடுக்க முடியாது. எனவே ஓர் அரசியல் தலைவர் பிறந்தநாளிலோ அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்ததான நாளிலோ ஊரிலுள்ள எல்லா அமைப்புகளும் ஒரே வாரத்தில் முகாம் வைத்தால், அந்த வாரம் குளிர்பெட்டி நிறையும்; கொடுக்கக்கூடியவர்கள் எல்லோரும் ஒரே காலத்துக்கு ஓய்வில் போய்விடுவார்கள். கல்லூரிகளுக்கு விடுமுறை விடும் மே மாதத்தில், கொடுத்துப் பழகிய மாணவர்கள் ஊரில் இருக்கமாட்டார்கள். ரத்த மையத்துக்கு முன்கூட்டியே போன் செய்து, ‘உங்களுக்கு எந்த வாரம் வேண்டும்’ என்று கேட்டு நாள் குறிக்கும் சங்கத்தின் முகாமில் கூட்டமும் குறையலாம், படமும் சுமாராக இருக்கலாம். மே மாதத்தில் கிடைத்த நாற்பது பை, அக்டோபரின் நூறுக்குச் சமம் என்பது மையத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். உறுப்பினர் கட்டும் சந்தாவில் ஒரு பகுதி உலகத் தலைமையகத்துக்கும் இன்னொரு பகுதி மாவட்ட அமைப்புக்கும் போகிறது. மீதி கூட்டச் செலவுக்கே சரியாக இருக்கும். சேவைக்கான பணம் தனியே திரட்டப்படுகிறது. நன்கொடையாளருக்கு வருமான வரி விலக்கு கிடைக்க வேண்டும் என்பதால், பல சங்கங்கள் தங்கள் பெயரிலேயே தனி அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்து வைத்திருக்கின்றன. அறக்கட்டளைக்கு அறங்காவலர்கள் இருப்பார்கள், அவர்கள் ஆண்டுதோறும் மாறுவதில்லை. சங்கத்தின் ஞாபகசக்தி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

பெரிய திட்டங்களுக்கு ரோட்டரி அறக்கட்டளையின் ‘குளோபல் கிராண்ட்’ என்ற வழி உண்டு. குறைந்தது 30,000 டாலர், அதாவது 25 லட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள திட்டம்; திட்டம் நடக்கும் நாட்டின் சங்கம் ஒன்றும் வெளிநாட்டுச் சங்கம் ஒன்றும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும்; ஊரின் தேவையை முதலில் ஆராய்ந்து எழுத வேண்டும்; திட்டம் எப்படித் தொடரும் என்று காட்ட வேண்டும். டயாலிசிஸ் கருவிகள் போன்றவை பெரும்பாலும் இந்த வழியில் வருகின்றன. விண்ணப்பம் தயாரித்து ஒப்புதல் பெறுவதற்குள் ஒரு தலைவரின் ஆண்டு கழிந்துவிடும் என்பதால், விதைப்பவர் ஒருவர், நாடா வெட்டுபவர் இன்னொருவர். அப்படியிருந்தும் விதைக்க முன்வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் கல்வெட்டில் இராது.

வெளிநாட்டிலிருந்து நேரடியாகப் பணம் பெற உள்துறை அமைச்சகப் பதிவு வேண்டும். 2020-இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டு நன்கொடையை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றிவிட முடியாது. சிறு அமைப்புகளுடன் கூட்டு வைத்திருந்தவர்களுக்கு இது பெரிய மாற்றம். அதே காலத்தில் உள்நாட்டுக் கதவு ஒன்று அகலமாகியிருந்தது: 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் கடந்த மூன்று ஆண்டு லாபச் சராசரியில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நெய்வேலி நிலக்கரி நிறுவனமும் சிப்காட் தொழிற்சாலைகளும் உள்ள வட்டாரத்தில் இதன் பொருள் எளிது. நிறுவனத்திடம் பணம் இருக்கிறது, எந்தப் பள்ளியின் கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற தகவல் இல்லை. சங்கத்திடம் தகவல் இருக்கிறது, பணம் இல்லை. ஆனால் நிறுவனம் கணக்கும் பதிவும் கேட்கும். 2021 ஏப்ரல் முதல் இத்தகைய பணத்தைச் செயல்படுத்தும் அமைப்புகள் நிறுவன விவகார அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கைப்பையில் ரசீது வைத்திருக்கும் பொருளாளரின் காலம் முடிந்துவிட்டது.

முடிந்த திட்டம் எப்படி முடிந்தே போகிறது என்பதைக் கடற்கரையோர அரசுப் பள்ளி ஒன்றில் பார்த்தேன். நிலத்தடி நீர் உவர்ப்பு என்பதால் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி ஒன்று அன்பளிப்பாக வந்திருந்தது. அதைவிடப் பெரிதாக அதன் மேல் பெயர்ப்பலகை. கோயில் குழல்விளக்கில் ‘உபயம்’ என்று எழுதி வெளிச்சத்தையே மறைக்கும் நம் பழக்கம் நினைவுக்கு வந்தது. உவர்நீரில் சவ்வு வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மாற்றச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அது யார் பொறுப்பு என்று எங்கும் எழுதப்படவில்லை. கருவியைப் பெற்றுக்கொண்ட தலைமையாசிரியர் மாறுதலாகிப் போய்விட்டார், கொடுத்த தலைவர் முன்னாள் தலைவராகிவிட்டார். பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மூன்று ஆண்டுப் பராமரிப்புச் செலவைக் கருவியின் விலையோடு சேர்த்து முதலிலேயே ஒதுக்கியிருந்தால், ஐந்து பள்ளிக்குப் பதில் மூன்று பள்ளிக்குத்தான் கொடுத்திருக்க முடியும். ஐந்து என்ற எண்தான் அறிக்கையில் நன்றாக இருக்கும் என்பது சிக்கல்.

பேரிடர் நேரத்தில் இந்தச் சங்கங்களின் பலமும் பலவீனமும் ஒரே நாளில் வெளிப்படும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தேவனாம்பட்டினம், சோதிக்குப்பம் போன்ற மீனவக் கிராமங்களைத் தாக்கியது, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது, 2015-இல் பெருவெள்ளம், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே வந்து நின்று பொழிந்ததும், சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகிக் கடலூரின் கரையோரங்களுக்குள் புகுந்தது. இத்தனை முறை அடிபட்ட வட்டாரத்தில், முதல் நாள் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோவதில் உள்ளூர்ச் சங்கங்களை மிஞ்ச ஆளில்லை: சமையல் ஒப்பந்தக்காரர், அரிசிக் கடைக்காரர், வேன் உரிமையாளர் மூவரும் ஒரே வாட்ஸாப் குழுவில் இருக்கிறார்கள். மூன்றாம் நாளிலிருந்து சிக்கல் தொடங்கும். பிரதான சாலையை ஒட்டிய ஊருக்கு ஐந்து வண்டி போகும். உள்ளே நாலு கிலோமீட்டர் தள்ளியிருப்பவர்களுக்கு ஒன்றும் போகாது. 2004-இல் சாலையோரங்களில் மலைமலையாகக் குவிந்து மழையில் நனைந்த பழந்துணிகளைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். தானேக்குப் பின் மின்சாரம் இல்லாமல் கிடந்த கிராமங்களுக்குப் போர்வையைவிட, மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்ற வாடகை ஜெனரேட்டரும் டீசலும், விழுந்த முந்திரி மரத்தை அறுக்க இயந்திரமும் தேவைப்பட்டன. கிராம நிர்வாக அலுவலரிடம் பட்டியல் வாங்கிப் புறப்பட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கடைசியாகக் கண்தானம். படம் எடுக்க வாய்ப்பே இல்லாத சேவை இது. இறப்பு நிகழ்ந்த ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும். கண்ணாடி போட்டவர், புரை அறுவை செய்தவர், சர்க்கரை நோயாளி, எண்பது வயதுக்காரர் எல்லோரும் கொடுக்கலாம். இறந்தவர் உயிரோடிருக்கும்போது உறுதிமொழி எழுதவில்லை என்றாலும் நெருங்கிய உறவினர் சம்மதித்தால் போதும். ஆனால் அழுகைக்கு நடுவே அந்தப் பேச்சை எடுப்பது யார்? பெரும்பாலும் தகவல் கேட்டுத் துக்கத்துக்குப் போன ஒரு சங்க உறுப்பினர்தான். மூத்த மகனையோ மருமகனையோ வாசலுக்கு அழைத்து மெதுவாகக் கேட்பார். சரி என்றால், உடனே கண் வங்கிக்குப் போன். குழு வந்து சேரும்வரை உடலுக்கு மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப்பஞ்சை வைத்து, தலையணையால் தலையைச் சற்று உயர்த்தி வைக்கச் சொல்வார். எடுத்து முடிக்க அரை மணிக்கும் குறைவான நேரம்தான் ஆகும். முகத்தில் விகாரம் எதுவும் தெரியாது. இரண்டு கருவிழியும் இருவருக்குப் பொருத்தப்படலாம். ‘அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பாரோ’ என்று உள்ளேயிருந்து ஒரு பெரியம்மா கேட்பார். அதற்கும் அந்த உறுப்பினரிடம் பதில் இருக்கும், பலமுறை சொல்லிப் பழகிய பதில்.

இதற்காக ஊரில் பலர் செல்போனில் சேமித்து வைத்திருப்பது அந்த ஆண்டுத் தலைவரின் எண்ணாக இருப்பதில்லை. எப்போதோ ஓராண்டு தலைவராக இருந்து, மேடையிலிருந்து இறங்கிப் பல ஆண்டுகளான ஒருவருடைய எண்ணாக இருக்கும். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு அழைத்தாலும், இரண்டாவது மணியில் எடுத்து, ‘எத்தனை மணிக்கு உயிர் போச்சு?’ என்றுதான் முதலில் கேட்பார்.